வனுவாட்டு: வாய்வழிக் கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

அலைவாய்:

வனுவாட்டு என்று தேடினால் திரும்பத் திரும்ப மூன்றே படங்கள்தான் வருகின்றன. கொதிக்கும் எரிமலை, காலில் கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கும் இளைஞன், மூங்கில் துப்பாக்கியோடு அணிவகுக்கும் பெரியவர்கள். அந்த மக்களுக்கு 3,000 வருட வரலாறு இருக்கிறது, அதில் பெரும்பகுதியை எழுத்தே இல்லாமல் அவர்களே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் தமிழில் இதை யாரும் பேசவில்லை, அதனால்தான் இந்த இழை.

இடம் தெரியாதவர்களுக்கு: ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, ஃபிஜிக்கு மேற்கே, 80-க்கும் மேற்பட்ட தீவுகள். மக்கள்தொகை 3 லட்சம் அளவு. இந்த 3 லட்சம் பேருக்குள் 100-க்கும் மேற்பட்ட மொழிகள். ஒரு தீவிலேயே மலையின் இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் வேறு மொழி. 1980 வரை நியூ ஹெப்ரிடீஸ் என்று ஐரோப்பியர் வைத்த பெயரில் இருந்தது.

நான் பேச வந்தது ரோய் மாட்டா பற்றி. எஃபாத்தே தீவிலும் சுற்றுத் தீவுகளிலும் பெரிய தலைவராக இருந்தவர். ஓயாமல் ஒருவரோடு ஒருவர் போரிட்டுக்கொண்டிருந்த ஊர்களை எல்லாம் ஒரு விருந்துக்கு அழைத்தார். வரும்போது அவரவருக்குப் பிடித்த ஒரு பொருளைக் கொண்டுவரச் சொன்னார். ஒருவர் ஆக்டோபஸ் கொண்டுவந்தார், ஒருவர் தேங்காய், ஒருவர் கிழங்கு. ஒரே பொருளைக் கொண்டுவந்தவர்கள் எந்த ஊராக இருந்தாலும் இனி ஒரே குலம், ஒருவர் மேல் ஒருவர் ஆயுதம் எடுக்கக் கூடாது என்று அறிவித்தார். நஃப்லாக் என்கிற அந்தக் குலமுறை தாய்வழியில் வருகிறது, இன்றும் அங்கே உங்கள் குலம் என்ன என்று கேட்டால் ஆக்டோபஸ் என்று பதில் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். போரில் எதிரே நிற்கிறவன் உன் தாய்மாமனாக இருக்கலாம் என்ற நிலையை உண்டாக்கிவிட்டால் எப்படிச் சண்டை போடுவது? இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சமாதான ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

அவருடைய சகோதரனே விஷ அம்பு எய்து அவரைக் கொன்றதாகக் கதை. லெலெபா தீவில் உள்ள பெரிய குகையில் உயிர் போனது. உடலை எரேடோகா என்ற சின்னத் தீவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள், ஒவ்வொரு குலத்திலிருந்தும் ஆட்கள் அவரோடு சேர்ந்து புதைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த மங்காஸிலும் அந்தத் தீவிலும் யாரும் குடியிருக்கவில்லை. தபு, அதாவது விலக்கப்பட்ட இடங்கள்.

1967-ல் ஜோசே கராஞ்ஜே என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஊர்க்காரர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு எரேடோகாவில் தோண்டினார். சொன்ன இடத்தில், சொன்னபடியே, நடுவில் ஓர் ஆண், சுற்றிலும் சுமார் 50 பேரின் எலும்புக்கூடுகள், பன்றித் தந்த வளையங்களும் சிப்பி மணிகளுமாக. 2008-ல் அந்த மூன்று இடங்களும் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயின. வனுவாட்டுக்குக் கிடைத்த முதல் உலக மரபுச் சின்னம் இதுதான்.

இனி சொல்லுங்கள், இது கதையா வரலாறா?


கற்சாடி:

நல்ல இழை. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம் நண்பரே.

கராஞ்ஜே எடுத்த கரிமக் காலக்கணக்கீட்டின்படி முதலில் அந்தப் புதைகுழி 13-ஆம் நூற்றாண்டு என்றார்கள். பல ஆண்டுகள் எல்லாரும் அதையே எழுதினார்கள். பின்னால் மறு ஆய்வில் அது 1600 வாக்கில் வந்து நிற்கிறது. மூன்று நூற்றாண்டு வித்தியாசம். வாய்வழிக் கதையில் ஆண்டு கிடையாது என்பதால் கதை இரண்டுக்குமே பொருந்திப் போகிறது. எந்த ஆண்டு வந்தாலும் பொருந்துகிற ஒன்றைச் சான்று என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது.

அப்புறம் ரோய் மாட்டா என்பது ஒரு பட்டம். தலைமுறை தலைமுறையாகப் பலர் அந்தப் பட்டத்தை ஏற்றிருக்க முடியும். நாலு பேர் செய்ததை ஒருவர் தலையில் ஏற்றிச் சொல்வது எல்லா நாட்டு வாய்வழி மரபிலும் நடப்பதுதானே. ஒரு தலைவர், ஒரு கூட்டுப் புதைகுழி, அது நிச்சயம். விருந்து வைத்துப் பொருளின் பெயரில் குலம் பிரித்தார் என்பதற்கு மண்ணுக்குள் என்ன ஆதாரம் கிடைக்கும்?

இன்னொரு விஷயம், அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். புதைகுழியில் இருந்த ஆண்கள் அமைதியாகக் கிடந்தார்கள், பெண்கள் பலர் பக்கத்து ஆணைப் பற்றிக்கொண்ட நிலையில் கிடந்தார்கள். ஆண்களுக்குக் கவா (ஒரு செடியின் வேரிலிருந்து எடுக்கும் மயக்க பானம்) கொடுத்து மயக்கியிருக்கலாம், பெண்களுக்கு அது கிடைக்கவில்லை என்று கராஞ்ஜே கருதினார். கதையில் எல்லாரும் விரும்பி வந்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. எலும்பு வேறு மாதிரி பேசுகிறது. இந்த இடத்தில் நான் எலும்பின் பக்கம்.


அலைவாய்:

கற்சாடி, பெண்கள் பற்றி நீங்கள் சொன்னதை ஒதுக்கவே முடியாது. எல்லாரும் விருப்பத்தோடு போனார்கள் என்று அந்த ஊர்க் கதைகளும் ஒரே குரலில் சொல்லவில்லை. சிலர் மனமுவந்து, சிலர் கட்டாயத்தில் என்றும் சொல்லப்படுகிறது.

ஆனால் ஆண்டு இல்லை என்பதற்காகக் கதையைத் தள்ளினால் குவாயே விஷயத்தை என்ன செய்வீர்கள்? எப்பி, டொங்கோவா இரண்டு தீவுகளுக்கும் நடுவில் இப்போது கடல். முன்பு அங்கே குவாயே என்ற பெரிய நிலம் இருந்தது, ஒருவனுக்கு இழைக்கப்பட்ட மாபெரும் அவமானத்துக்கு அவன் பழிவாங்கியதில் அது வெடித்துக் கடலுக்குள் போய்விட்டது, தப்பியவர்கள் தெற்கே எஃபாத்தேவுக்கு ஓடினார்கள், நிலம் ஆறிச் செடி முளைத்த பிறகு அவர்களுடைய பிள்ளைகள் திரும்பிவந்து ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று டொங்கோவாக்காரர்கள் சொல்லிவந்தார்கள். எந்தத் தலைவர் எந்தத் தோணியில் எந்த வரிசையில் வந்து இறங்கினார் என்பது வரைக்கும் சொல்வார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவர் டி டொங்கோவா லிசெய்ரிகி. அவருடைய கல்லறையையும் கராஞ்ஜே ஊர்க்காரர்கள் காட்டிய இடத்தில்தான் கண்டுபிடித்தார்.

கடலடியை அளந்து பார்த்தபோது அந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே நீளவாக்கில் சுமார் 12 கிலோமீட்டருக்கு ஓர் எரிமலைப் பள்ளம் கிடந்தது. வெடிப்பு 15-ஆம் நூற்றாண்டு நடுவில். ஆறு நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு நிலம் மூழ்கியதை, எழுத்து இல்லாமல், இடம் மாறாமல், வழி மாறாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?


கற்சாடி:

குவாயே உண்மையிலேயே வலுவான எடுத்துக்காட்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் விவாதம் முடியவில்லை. கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்பாளங்களில் 1450-களில் பெரிய கந்தகத் தடயம் இருக்கிறது. உலகத்தையே குளிரவைத்த அந்த வெடிப்பு குவாயேதான் என்று ரொம்ப காலம் சொன்னார்கள். சமீப காலத்தில் அந்தத் தடயம் வேறு எரிமலையுடையதாக இருக்கலாம், குவாயே அவ்வளவு பெரிய வெடிப்பாக இல்லாமல் இருக்கலாம் என்று எழுதுகிறார்கள். ஊர்க்கதை இதனால் பொய்யாகிவிடாது. அது தன் ஊரில் நடந்ததைத்தான் சொன்னது, உலகம் குளிர்ந்ததா என்பது அதன் பேச்சே இல்லை. கதைக்கு மேல் நாம் ஏற்றிவைக்கிற சுமையைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

கதையே எட்டாத காலமும் உண்டு. எஃபாத்தேவில் டியூமா என்ற இடத்தில் 2000-களின் தொடக்கத்தில், இறால் பண்ணைக்காக மண் வெட்டிய இடத்தில் புள்ளிக்கோலம் போட்டது போன்ற நுண்ணிய அலங்காரத்தோடு பானை ஓடுகள் வந்தன. இந்தத் தீவுகளில் முதலில் குடியேறிய லாபிட்டா மக்களின் மயானம், சுமார் 3,000 வருடப் பழமை. இத்தனை பழைய மயானம் பசிபிக்கிலேயே அபூர்வம். புதைத்த உடல்களிலிருந்து பிறகு தலையை எடுத்துவிட்டிருக்கிறார்கள். சில மண்டையோடுகள் வேறொருவர் மார்பின் மேல், சில பானைக்குள். 2016-ல் அங்கிருந்த மூன்று பெண்களின் மரபணுவைப் படித்தபோது தைவான் பழங்குடிகளோடும் வட பிலிப்பைன்ஸ் மலைவாசிகளோடும் நெருக்கம் தெரிந்தது, இன்றைய வனுவாட்டு மக்களிடம் நிறைய இருக்கும் பப்புவா வம்சத்தின் சாயல் அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதாவது, பின்னால் இன்னொரு பெரிய வருகை நடந்திருக்கிறது. வந்தவர்கள் இரத்தத்தை மாற்றினார்கள், மொழியை மாற்றவில்லை. இதை எந்தக் கதையும் நமக்குச் சொல்லியிருக்காது.


நடுக்கடல்:

படிக்கப் படிக்க ஆர்வமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். டன்னா தீவில் ஜான் ஃபுரும் என்ற அமெரிக்கனைக் கும்பிடுகிறார்கள், போரின்போது வந்த விமானத்தையும் டப்பா உணவையும் பார்த்து மயங்கி, அது மறுபடி வரும் என்று காத்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். ஒரு பக்கம் 600 வருட நினைவாற்றல், இன்னொரு பக்கம் இது. எப்படிப் பொருத்திப் பார்ப்பது?


பவளத்திட்டு:

தம்பி, அந்தக் கதையில் காலவரிசையே தலைகீழாக இருக்கிறது. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கப் படை நியூ ஹெப்ரிடீஸ் வந்தது 1942-ல். ஜான் ஃபுரும் என்ற பெயர் டன்னாவில் 1930-களின் கடைசியிலேயே பேசப்பட்டது, 1941 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயங்கள் திடீரென்று காலியாகிவிட்டன. மக்கள் மிஷன் ஊர்களை விட்டுவிட்டுத் தங்கள் பழைய இடங்களுக்குப் போய், கவா குடித்து, நடனம் ஆட ஆரம்பித்தார்கள். அமெரிக்க விமானம் எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே.

அதற்கு முன்னால் டன்னாவில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில்தான் கோபம். பிரெஸ்பிட்டீரியன் மிஷனரிகள் டன்னா சட்டம் என்று ஒன்றை நடத்தினார்கள். கவா கூடாது, நடனம் கூடாது, பழைய சடங்கு எதுவும் கூடாது. மீறினால் ஊர் நீதிமன்றம், தண்டனை. ஒரு முழுத் தலைமுறை அதற்குக் கீழே வளர்ந்தது. ஜான் ஃபுரும் சொன்னதாக அவர்கள் சொல்லும் முதல் செய்தியே, உங்கள் வழக்கத்துக்குத் திரும்புங்கள் என்பதுதான். வெள்ளைக்காரன் பணத்தைத் தூக்கி எறியுங்கள் என்றும் சொன்னார்.

அதற்காக நிர்வாகம் தலைவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டது, வேறு தீவுக்கு நாடு கடத்தியது. பல வருடம். அமெரிக்கர்கள் வந்தபோது டன்னா ஆண்கள் நூற்றுக்கணக்கில் எஃபாத்தே தளத்துக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே கறுப்பு ராணுவ வீரர்கள் சீருடையோடு வண்டி ஓட்டுவதையும், தங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் பார்த்தார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகள் யாரும் அவர்களை அப்படி நடத்தியதில்லை. ஜான் ஃபுரும் கதையில் அமெரிக்கா வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். 1957 பிப்ரவரி 15 அன்று சல்ஃபர் பே ஊரில் வெளிப்படையாகக் கொடி ஏற்றினார்கள். அடக்குமுறை தளர்ந்த பிறகு. இன்றும் பிப்ரவரி 15 அவர்களுக்குப் பெரிய நாள். அந்த மூங்கில் துப்பாக்கி அணிவகுப்பு அன்றுதான் நடக்கிறது. அதில் நான் பார்ப்பது தங்கள் வழக்கத்துக்காகச் சிறைக்குப் போனவர்களை நினைவுகூர்வதை.

மிஷனரிகளைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டன்னாவுக்குத் தெற்கே அனெய்டியம். ஜான் கெடி என்ற மிஷனரி 1848-ல் அங்கே இறங்கினார். அவருடைய நினைவுப் பலகையில், அவர் 1848-ல் வந்தபோது இங்கே கிறிஸ்தவர்களே இல்லை, 1872-ல் போனபோது கிறிஸ்தவர் அல்லாதவரே இல்லை என்று எழுதியிருக்கிறது. அதே காலத்தில் 1861-ல் வந்த தட்டம்மையில் மட்டும் அந்தத் தீவின் மூன்றில் ஒரு பங்கு மக்கள் இறந்தார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் 1940 வாக்கில் சில நூறுக்குள் சுருங்கிப்போனார்கள். பலகையில் அது இல்லை. கப்பல்கள் கொண்டுவந்த நோய் எத்தனை கிழவர்களைக் கொண்டுபோனதோ, அத்தனை நூலகம் போனது.


சுழியம்:

நான் கணக்கு ஆசிரியர், எனக்கு வனுவாட்டு அறிமுகமானதே மணல் வரைவு வழியாகத்தான். அந்த நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவில் சாண்ட்ரோயிங் என்கிறார்கள். மலகுலா, அம்ப்ரிம், பெந்தகோஸ்ட் பக்கத்துத் தீவுகளில் உண்டு.

எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்கிறேன். மண்ணையோ எரிமலைச் சாம்பலையோ கையால் சமப்படுத்திவிட்டு, முதலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டக் கோடுகள் போடுவார்கள். பிறகு ஒற்றை விரலை ஊன்றி, எடுக்காமல், அந்தக் கட்டங்களைச் சுற்றி வளைத்து வளைத்துக் கொண்டுபோய், ஆரம்பித்த புள்ளியிலேயே கொண்டுவந்து முடிக்க வேண்டும். போன வழியில் திரும்பப் போகக் கூடாது. விரல் போகப் போகக் கதையும் சொல்வார்கள், சில சமயம் பாட்டு. ஆமை வரும், கிழங்கு வரும், இரண்டு ஊர் சண்டை போட்டுச் சமாதானமானது வரும். தேடி வந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் வந்து போனதைத் தெரிவிக்க வாசலில் ஒரு வரைவு போட்டுவிட்டுப் போவதும் உண்டு. பேசுகிற மொழி வேறாக இருந்தாலும் வரைவு புரியும்.

நமக்குச் சிக்குக் கோலம் நினைவுக்கு வராமல் இருக்காது. கணிதவியலாளர் மார்சியா ஆஷர் மலகுலா வரைவுகளையும் தமிழ்நாட்டுக் கோலத்தையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஒரு கோட்டில் முடியுமா முடியாதா என்பது கணித மேதை ஆய்லர் கேட்ட கேள்விதான். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், தயவுசெய்து. அப்படி ஒரு தொடர்பும் இல்லை. அங்கே மரபாக இது ஆண்களின் வித்தை, ஒரு வரைவை இன்னொருவர் போட வேண்டுமென்றால் அதற்கு உரிமை வாங்க வேண்டிய ஊர்களும் உண்டு.

மலகுலாவின் தென்மேற்கில் பெர்னார்ட் டீக்கன் என்ற இளம் மானுடவியலாளர் 1926-ல் போய்த் தங்கி இவற்றைப் பதிவு செய்தார். கருநீர்க் காய்ச்சலில் 1927 மார்ச்சில் அங்கேயே இறந்துபோனார், வயது 24. அவர் குறித்துவைத்ததில் ஒன்று இது. இறந்தவரின் ஆவி மறு உலகுக்குப் போகும் வழியில் டெமெஸ் சவ்சப் என்ற காவல் பூதம் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் மணலில் ஒரு வரைவு, அதன் நடுவே தான் வழி. ஆவி நெருங்கி வரும்போது பூதம் வரைவில் பாதியை அழித்துவிடும். மீதியைச் சரியாகப் போட்டு முடித்தால் உள்ளே போகலாம். தெரியாவிட்டால் பூதம் தின்றுவிடும். உயிரோடு இருக்கும்போதே கற்றுக்கொண்டாக வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது!

யுனெஸ்கோ 2003-ல் இதை மனிதகுலத்தின் வாய்வழி மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. வரைவை மட்டும் நகலெடுத்து டி-ஷர்ட்டில் போடுகிறார்கள், கதை தெரிந்தவர்கள் குறைகிறார்கள் என்று அந்த அறிவிப்பின் பின்னணியிலேயே கவலை இருந்தது.


நடுக்கடல்:

பவளத்திட்டு அக்கா, சுழியம் சார், நன்றி. ஜான் ஃபுரும் பற்றி இப்படி யாரும் சொல்லவில்லை. அந்தக் குதிக்கிற வழக்கத்தைப் பற்றியும் யாராவது எழுதுங்கள். பஞ்ஜி ஜம்ப் அதிலிருந்து வந்தது என்கிறார்களே?


அலைவாய்:

நாகோல். பெந்தகோஸ்ட் தீவின் தெற்குப் பகுதியில், சா மொழி பேசுகிறவர்களுடையது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, கிழங்கு அறுவடை காலத்தில் மட்டும்.

கதை இப்படிப் போகிறது. கணவன் டமாலியேவின் தொல்லை தாங்காமல் ஒருத்தி ஓடிப்போய்ப் பெரிய ஆலமரத்தின் மேல் ஏறிக்கொண்டாள். அவனும் துரத்திக்கொண்டு ஏறினான். அவள் குதித்துவிட்டாள், அவனும் பின்னாலேயே குதித்தான். அவள் கணுக்காலில் கொடியைக் கட்டியிருந்தாள், பிழைத்தாள். அவன் கட்டவில்லை. முதலில் பெண்கள்தான் குதித்தார்கள், பிறகு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள், இனி ஏமாறக் கூடாது என்று. இன்று பெண்கள் அந்தக் கோபுரத்தின் பக்கத்திலேயே போகக் கூடாது, கீழே தள்ளி நின்று ஆடிப்பாட வேண்டும்.

கோபுரம் 20 முதல் 30 மீட்டர் உயரம். உச்சி வெட்டிய மரத்தைச் சுற்றிக் கம்புகளை நட்டு, ஓர் ஆணிகூட இல்லாமல் கொடியாலேயே கட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பலகை. குதிப்பவரின் எடைக்கும் அவர் நிற்கும் உயரத்துக்கும் ஏற்ற கொடியைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள், அளவுகோல் கிடையாது. கொடி இழுபடும் நொடியில் பலகையைத் தாங்கும் முட்டுகள் ஒடிந்து பலகை கீழே மடங்கும். அதிர்ச்சியில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். கொத்திப் பதப்படுத்திய மண்ணில் தலைமுடியோ தோளோ உரச வேண்டும், அப்படி உரசினால் அடுத்த வருடக் கிழங்கு நன்றாக விளையும். முதல்முறை குதிக்கிற பையனின் தாய் அவனுடைய சிறுவயதுப் பொருள் ஒன்றைக் கையில் ஏந்தி ஆடுவாள், அவன் குதித்து எழுந்ததும் அதை வீசிவிடுவாள். இனி அவன் குழந்தை இல்லை.

1974 பிப்ரவரியில் எலிசபெத் ராணி வந்தபோது காலனி நிர்வாகம் அவருக்காக ஒரு நாகோல் ஏற்பாடு செய்யச் சொன்னது. பிப்ரவரி மழைக்காலம், கொடிக்கு அப்போது அந்த நெகிழ்வு வராது. பெரியவர்களுக்கு அது தெரியும். குதித்தவர்களில் ஒருவரின் கொடி அறுந்து, முதுகு ஒடிந்து இறந்துபோனார். பருவம் பற்றிய அவர்களுடைய அறிவை ஒரு காட்சிக்காகத் தள்ளிவைத்ததற்கு ஒரு மனிதர் உயிர் கொடுத்தார். குருட்டு நம்பிக்கை என்று இதை எழுதுகிறவர்கள் எல்லாம் இந்தச் சம்பவத்தைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்.

பஞ்ஜி விஷயம் உண்மைதான். இந்தக் குதிப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் 1979-ல் பிரிஸ்டல் பாலத்திலிருந்து ரப்பர் கயிறு கட்டிக் குதித்தார்கள், அதிலிருந்து ஒரு தொழிலே வளர்ந்தது.


பவளத்திட்டு:

அந்தக் கதையில் என் கண்ணுக்கு முதலில் படுவது, தப்பிக்கிற வழியைக் கண்டுபிடித்தது ஒரு பெண், இன்று அந்தக் கோபுரத்தைத் தொட முடியாததும் பெண் என்பதுதான். கதையைச் சொல்கிற மக்கள் இதை மறைக்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆனால் வனுவாட்டு வழக்கம் என்றாலே ஆண்களுடையது என்று நாம் நினைக்கக் காரணம், போய்க் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்கள் கேட்டதும் ஆண்களிடம். வடக்கே பேங்க்ஸ் தீவுகளில் பெண்களின் நீர் இசை இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, உள்ளங்கையால் தண்ணீரை அறைந்து, அள்ளி, குத்தி, கிழித்துத் தாளம் போடுவார்கள். கை எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்து ஓசை ஆழமாகவோ கூர்மையாகவோ வரும். பறை அடிப்பது போலக் கரைக்குக் கேட்கும். வடக்கு பெந்தகோஸ்டிலும் அம்பேயிலும் பெண்கள் நெய்கிற சிவப்புச் சாயப் பாய்கள் இல்லாமல் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு அபராதம் நடக்காது. அந்தப் பாய்தான் அங்கே பணம். பன்றித் தந்தத்தைப் பற்றி நூறு கட்டுரை, பாயைப் பற்றிப் பத்து.

இதை மாற்றியதும் அந்த நாட்டுக்காரர்களேதான். தலைநகர் போர்ட் விலாவில் உள்ள வனுவாட்டுப் பண்பாட்டு மையம் 1970-களிலிருந்து ஊர் ஊராகக் களப்பணியாளர்களை உருவாக்கியது. வெளியிலிருந்து போகிறவர்கள் இல்லை, அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் மொழியில் தங்கள் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வார்கள், சம்பளம் இல்லாமல். வருடத்துக்கு ஒருமுறை கூடி ஒரு தலைப்பை எடுத்து ஒவ்வொருவரும் தங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்வார்கள். 1990-களில் பெண் களப்பணியாளர்களும் தனியாகத் தொடங்கினார்கள்.


கற்சாடி:

அந்தக் களப்பணியாளர் ஏற்பாடு உலகத்திலேயே அபூர்வமானது, இதில் எனக்கு மறுப்பே இல்லை. பன்றியைப் பற்றி நாலு வரி சேர்க்கிறேன், அதன் தந்தம் நாட்டின் தேசியக் கொடியிலேயே இருக்கிறதே. ஆண் பன்றியின் மேல் கோரைப்பல்லைத் தட்டி எடுத்துவிட்டால் கீழ்த் தந்தம் தேயாமல் வளைந்து வளைந்து முழு வட்டமாக வளரும். 6, 7 வருடம் ஆகும். அதுவரை அந்தப் பன்றி மண்ணைக் கிளறித் தின்ன முடியாது, வேகவைத்த கிழங்கை ஊட்டி வளர்க்க வேண்டும், தந்தம் ஒடிந்தால் எல்லாம் வீண். வடக்குத் தீவுகளில் இப்படிப்பட்ட பன்றிகளைப் பொதுவில் கொன்று கொடுத்துத்தான் ஒருவர் படிப்படியாக உயர் தகுதிக்கு ஏற முடியும். தந்தை தலைவர் என்பதால் மகன் தலைவர் ஆகிவிட முடியாது. நிறைய வைத்திருப்பவன் பெரியவன் இல்லை, கொடுத்துத் தீர்ப்பவன் பெரியவன்.

என் அடிப்படைக் கேள்விக்குத் திரும்புகிறேன். இந்தக் கதைகளுக்கு இன்றைக்கு அரசியலில் பங்கு இருக்கிறது. அப்படி இருக்கும்போது கதை மாறாமல் இருக்குமா?


அலைவாய்:

அரசியல் என்றால் 1980-ஐச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1906 முதல் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஆண்ட கூட்டாட்சி. இரண்டு போலீஸ், இரண்டு பள்ளிக்கூட முறை, இரண்டு சிறை. தகராறு வந்தால் தீர்க்கக் கூட்டு நீதிமன்றம், அதன் தலைவரை ஸ்பெயின் மன்னர் நியமிப்பார். இந்த இரண்டு ஆட்சிக்கும் நடுவே அந்த மண்ணின் மக்கள் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லை. பிரிட்டிஷும் இல்லை, பிரெஞ்சும் இல்லை, நாடற்றவர்கள். அதற்கு முன்னால் 1863 தொடங்கி 40 வருடம் குவீன்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் ஒப்பந்தத்திலும் சுமார் 62,000 தடவை பசிபிக் தீவுக்காரர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அதில் பெரிய பங்கு இந்தத் தீவுகளிலிருந்து. பிறகு வெள்ளை ஆஸ்திரேலியா வேண்டும் என்று 1901-ல் சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். (ஃபிஜி தோட்டங்களுக்கும் 1879-ல் இந்தியர்களைக் கொண்டுவரும் முன்பே இங்கிருந்து ஆள் போயிருக்கிறார்கள். நம்மவர்கள் 1903-லிருந்து ஃபிஜி போனபோது மிதித்த பாதை அது.)

விடுதலை இயக்கத்தின் உயிர் நிலம்தான். வால்டர் லினி, பெந்தகோஸ்ட்காரர், ஆங்கிலிக்கன் பாதிரியார், முதல் பிரதமர். பாதிரியாராக இருந்துகொண்டே, நூறு வருடம் பாதிரிகள் பழித்த மண்ணின் வழக்கத்தை நாட்டின் அடித்தளம் என்று பேசினார். சான்டோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் தலைமையில் பிரிவினைக் கலகம், பாப்புவா நியூ கினி படை வந்து அடக்கியது, அது தனிக் கதை. 1980 ஜூலை 30 விடுதலை. அரசியல் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நாட்டின் எல்லா நிலமும் மண்ணின் வழக்கப்படியான உரிமையாளர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் சொந்தம் என்கிறது. ஐரோப்பியர் பத்திரம் போட்டு வைத்திருந்த தோட்டம் எல்லாம் ஒரே வரியில் திரும்பி வந்தது. எந்த நாட்டில் இப்படி நடந்திருக்கிறது?


கற்சாடி:

அருமையான பிரிவு. ஆனால் வழக்கப்படியான உரிமையாளர் யார்? எழுத்து இல்லை. அப்போது யாருடைய கதை சரி என்பதே வழக்கு. விற்க முடியாது, ஆனால் 75 வருடக் குத்தகைக்கு விடலாம் என்றார்கள். எஃபாத்தே கடற்கரையில் பாதிக்கும் மேல் குத்தகைக்குப் போய்விட்டது. உரிமையாளர் யார் என்று சண்டை இருந்தால் அமைச்சரே கையெழுத்துப் போடலாம் என்ற ஓட்டை வழியாகப் போனது நிறைய. பணம் வந்ததும் புதிதாக முன்னோர்கள் முளைத்தார்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னது இதைத்தான்.


பவளத்திட்டு:

சரி, ஆனால் அதை யார் சரிசெய்தார்கள் என்று பாருங்கள். பண்பாட்டு மையத்தின் இயக்குநராக இருந்த ரால்ஃப் ரெகன்வானு பிறகு அரசியலுக்கு வந்து நில அமைச்சரானார். 2013-ல் கொண்டுவந்து 2014-ல் நடைமுறைக்கு வந்த சட்டங்களில் அமைச்சரின் அந்தக் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துவிட்டார். உரிமையாளரைத் தீர்மானிக்கும் வேலை நகமாலுக்கு, அதாவது ஊர்ப் பெரியவர்கள் கூடுகிற சபைக்குப் போனது. அங்கே தீராவிட்டால்தான் வழக்கமுறை நிலத் தீர்ப்பாயம்.

நகமாலில் ஒருவர் வெறுமனே கதை சொல்லிவிட்டுப் போக முடியாது. என் மூதாதை இந்த ஊர் நடனத் திடலில் இன்ன கல்லை நட்டார் என்றால் கல்லைக் காட்ட வேண்டும். இன்ன ஓடை எல்லை என்றால் பக்கத்து எல்லைக்காரர் ஆமாம் என்று சொல்ல வேண்டும். தாய்வழி, தந்தைவழிப் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த வரிசை தெரியும், அவர்களுடைய பெயர்களும் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் மாற்றினால் பத்துப் பேர் கதை இடிக்கும். குவாயே கதை 600 வருடம் நின்றதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். யார் எங்கே இறங்கினார் என்ற ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிலம் இருக்கிறது, அந்த நிலத்துக்குப் பக்கத்து நிலக்காரர் இருக்கிறார்.


கற்சாடி:

பக்கத்து நிலக்காரர்தான் சான்று என்பது எனக்குப் புதிய கோணம். கதையை ஒருவர் நினைவாகவே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஊரே சரிபார்க்கிற ஏற்பாடாகப் பார்த்தால் விஷயம் வேறு. இருந்தாலும் நகமால் சபையில் பெண்கள் குரல் எவ்வளவு ஏறுகிறது, தாய்வழிக் குலமுறை உள்ள எஃபாத்தேவிலேயே குத்தகைப் பணம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி மீதி இருக்கிறது. தெரிந்தவர்கள் தொடருங்கள்.